சுரப்பியின் அமைப்பும் நோயின் போக்கும்

மூத்திரப்பையின் அடியில் மூத்திரக் குழாயைச் சூழ்ந்துள்ள பிராஸ்டேட் சுரப்பியில் உக்கிரமான புற்றுநோய் கண்டு, அதை ரண வைத்தியர் முழுவதும் அகற்றிவிட்ட பின்பும், நோயாளியின் வருங்காலத்தைப் பற்றிய விசாரணை முடிந்துவிடுவதில்லை. அதன் முக்கிய பாகம் திசுப் பரிசோதனைக் கூடத்திலேதான் தொடங்குகிறது.

எடுத்த உறுப்பின் வெளிப்புறம் முழுவதிலும் மை பூசி, ஃபார்மலினில் ஊறவைத்து, துண்டுகளாக்கி மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு கனமே உள்ள ஏடுகளாகச் சீவிச் சாயமேற்றுகிறார்கள். புற்றணுக்கள் அந்த மையைத் தொட்டு நின்றால், வெட்டிய விளிம்புவரை நோய் எட்டியிருந்தது என்றும், உடலில் மிச்சம் தங்கியிருக்கக்கூடும் என்றும் கொள்ள வேண்டும்.

அணுக்களைத் தனித்தனியே துருவாமல், சுரப்பிகள் கட்டமைந்திருக்கும் விதத்தை மட்டுமே குறைந்த உருப்பெருக்கத்தில் நோக்கி, நோயின் வேகத்தை நிர்ணயிக்கலாம் என்று 1966-இல் எடுத்துரைத்தவர், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த டொனால்ட் கிளீசன். அவர் வகுத்த ஐந்து படிகளில் முதல் இரண்டும் இன்று அநேகமாக வழக்கொழிந்தன. மூன்றாம் படியில் சிறு சுரப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்து நிற்கும். நான்காம் படியில் அவை இணைந்து உருக்குலையும், அல்லது பெரிய அணுத்திரள் சல்லடைபோலத் துளைபட்டுத் தோன்றும். ஐந்தாம் படியிலோ சுரப்பி என்ற உருவமே அழிந்து, அணுக்கள் ஒற்றையாகவும் வரிசையாகவும் சிதறிக் கிடக்கும்.

ஒரே கட்டியில் இரண்டு படிகள் கலந்திருக்கும்போது நோயாளியின் கதி அவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக அமைவதைக் கண்ட கிளீசன், மிகுந்துள்ள படியையும் அடுத்ததையும் கூட்டிச் சொல்லும் முறையை ஏற்படுத்தினார். ஆனால் 3+4, 4+3 ஆகிய இரண்டும் 7 என்றே முடிந்தாலும், பின்னதில் நோய் திரும்பும் அபாயம் அதிகம். ஆகையால் 2014-இல் நிபுணர்கள் கூடி, முன்னதை இரண்டாம் தொகுதியிலும் பின்னதை மூன்றாம் தொகுதியிலும் சேர்த்து, 9-ஐயும் 10-ஐயும் கடைசியான ஐந்தாம் தொகுதியில் வைத்தனர்.

சுரப்பி போனபின், அது உற்பத்தி செய்துவந்த பி.எஸ்.ஏ. என்னும் புரதம் சில வாரங்களில் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் அளவுக்கு மீண்டும் ஏறி, மறுபரிசோதனையிலும் அது உறுதிப்பட்டால், நோய் திரும்பியதாகக் கருதிக் கதிர்வீச்சு முதலிய சிகிச்சைகளை ஆலோசிக்கிறார்கள். உயர்ந்த படி, சல்லடை அமைப்பு, விந்துப்பையிலும் நிணநீர்க் கணுக்களிலும் பரவிய நோய் ஆகியவை நோய் திரும்புவதை விரைவுபடுத்தும் காரணங்கள். எனவே பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்குபவர் கூட்டுத்தொகையோடு நின்றுவிடாமல், எந்தப் படி மிகுந்திருந்தது, விளிம்பு சுத்தமாக இருந்ததா என்பவற்றையும் வைத்தியரிடம் கேட்டறிவது உசிதம்.