சொட்டும் குழாயைச் சீராக்க நாமே போதும்

இரவில் வீடு அடங்கிய பின்னர்தான் குளியலறைக் குழாய் சொட்டும் ஓசை நம் செவியில் விழும். "நாளைக்குப் பிளம்பரை அழைக்க வேண்டும்" என்பார் இல்லத் தலைவர். "இதையே போன மாதமும் சொன்னீர்கள்" என்பார் இல்லத் தலைவி. பிளம்பரோ ஒரு வாஷர் மாற்றுவதற்காக எளிதில் வந்துவிட மாட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. வந்து போகும் நேரத்துக்குரிய கூலியை அவர் கேட்டால் நமக்கே மனம் வராது. ஆகவே குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்துவிட்டுத் திங்கள் கணக்கில் காலம் கடத்துகிறோம்.

அந்த வாளிக்குப் பதிலாக 200 மில்லி கொள்ளும் ஒரு டம்ளரை வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அது நிறையுமாயின், மணிக்கு 1.2 லிட்டர், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 29 லிட்டர், ஓராண்டுக்குப் பதினாயிரம் லிட்டருக்கும் மேல். ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரியையே சாக்கடையில் கவிழ்த்ததற்கு ஒப்பாகும் இது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்ப்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் நீர் வில்லிவாக்கத்துக்கு இரயிலில் வந்து சேர்ந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். குடத்துடன் வரிசையில் நின்ற பெண்களுக்கு இந்தக் கணக்கை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழில் நாம் நீர் ஓடிவரும் பைப்பையும் 'குழாய்' என்கிறோம். அதன் முனையில் திறந்து மூடும் பொருளையும் 'குழாய்' என்கிறோம். குழப்பம் நேராதிருக்க, முனையில் உள்ளதை இங்கே குழாய் என்றும், மற்றதைப் பைப் என்றும் குறிப்போம்.

பழைய பித்தளைக் குழாயில் கோளாறு பெரும்பாலும் ஒரு சிறு ரப்பர் வில்லையில்தான் இருக்கிறது. அதுவே வாஷர். கைப்பிடியைத் திருகும்போது நடுத்தண்டு கீழிறங்கி, வால்வின் அடியிலுள்ள வாஷரை நீர் வரும் துளையின் விளிம்பில் அழுத்தி மூடுகிறது. ரப்பர் தேய்ந்தோ வெடித்தோ போனால் நீர் கசியும். கசிகிறதே என்று நாம் இன்னும் வலுவாகத் திருகுகிறோம். அதனால் ரப்பர் மேலும் நசுங்குகிறது. வீட்டிலுள்ள இளைஞர்கள் தம் பலத்தைக் குழாயிடம் காட்டாதிருந்தாலே வாஷரின் ஆயுள் நீளும்.

மாற்றும் முறை கடினமன்று. முதலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்பிலுள்ள கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, தேங்கிய நீரை வடிய விடுங்கள். கீழேயுள்ள நீர்ப் போக்கியின் துளையைத் துணியால் அடையுங்கள். உருண்டோடும் சிறு நட்டு அங்கேதான் போய் விழும். பின்னர் குழாயின் தலைப்பகுதியிலுள்ள பெரிய நட்டின்மேல் ஒரு துணியைச் சுற்றி, ஸ்பேனரால் இடப்புறமாகத் திருப்புங்கள். அவ்வேளையில் மறு கையால் குழாயின் உடலை அசையாது பற்றிக்கொள்வது மிக அவசியம். இல்லையேல் சுவருக்குள் இருக்கும் பைப்பும் சேர்ந்து திரும்பி, சிறிய வேலை பெரிய வேலையாகிவிடும்.

தலைப்பகுதி கழன்றதும் வால்வு கையில் வரும். அதன் வாஷரைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே அளவில் புதியது வாங்குங்கள். அளவை வாயால் சொல்லி வாங்கியவர்கள் இரண்டாம் முறையும் கடைக்கு நடந்திருக்கிறார்கள். வாஷர் அமரும் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நன்று. பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை வாஷர் மாற்றினும் கசிவு நிற்காது, குழாயையே மாற்றுவது மேல். மீண்டும் பூட்டும்போது கைப்பிடி திறந்த நிலையிலேயே இருக்கட்டும்; மூடிய நிலையில் முடுக்கினால் புதிய வாஷர் முதல் நாளே நசுங்கிவிடும். எல்லாம் முடிந்தபின் கேட் வால்வை மெல்லத் திறவுங்கள்.

சில குழாய்களில் மூடியிருக்கையில் கசிவு இராது. திறக்கும்போது மட்டும் கைப்பிடியின் அடியில் நீர் ஊறும். இதற்கு வாஷர் காரணமன்று. தண்டைச் சுற்றியுள்ள சிறு நட்டைக் கால் சுற்று முடுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

கால் சுற்றிலேயே திறந்து மூடும் புதுவகைக் குழாய்களில் ரப்பர் வாஷருக்குப் பதிலாக இரு பீங்கான் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்கின்றன. மணல் துகள் புகுந்து அவற்றைக் கீறிவிட்டால் உட்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். வலப்புறம் திறப்பதும் இடப்புறம் திறப்பதும் வெவ்வேறு. தண்டின் பற்களின் எண்ணிக்கையும் மாறும். இதற்கும் பழையதைக் கையோடு கொண்டு போவதே வழி. உப்பு நீரால் முனையின் சல்லடை அடைத்திருந்தால், அதைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ சிறிது நேரம் ஊறவையுங்கள். ஆசிட் வேண்டாம், பளபளப்பான பூச்சு பாழாகிவிடும்.

குழாயும் பைப்பும் சேரும் இடத்தில் கசிந்தால் டெஃப்லான் டேப் கைகொடுக்கும். முற்காலத்தில் சணல் நூலும் வெள்ளை ஈயமும் பயன்பட்டன. ஈயம் நஞ்சாதலால் குடிநீருக்கு அது ஆகாது. குழாயைக் கழற்றிப் பழைய நாரையெல்லாம் சுரண்டி எடுத்தபின், மரையின் முனை உங்களை நோக்கி இருக்கட்டும். கடிகார முள் சுழலும் திசையில் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் பூட்டும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். இன்னொன்று: முடுக்கியபின் குழாயின் வாய் நேராக இல்லையே என்று சற்றே பின்னோக்கித் திருப்பாதீர்கள். அந்தச் சிறு அசைவே கசிவுக்கு வழி செய்யும். கழற்றிப் புதிதாக டேப் சுற்றிப் பூட்டுவதே முறை.

பி.வி.சி. பைப்பில் விரிசல் கண்டால், எம்-சீல் போன்ற பசையின் இரு பகுதிகளையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, நீரை நிறுத்தி, ஈரம் துடைத்துப் பூசலாம். ஆனால் அது தற்காலிக மருந்தே. விரிசல் உள்ள துண்டை அறுத்தெடுத்து, கப்ளிங் கொண்டு புதுத் துண்டை இணைத்தல் வேண்டும். இரு முனைகளையும் உலரத் துடைத்து, சால்வென்ட் சிமெண்டைத் தடவி, சற்றே திருகியபடி உள்ளே செலுத்தி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இரவில் ஒட்டி மறுநாள் காலையில் நீர் விடுவது பாதுகாப்பானது. சுடுநீருக்கான பைப்புக்குரிய சிமெண்ட் வேறு. அதைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஓசையின்றி வீணாகும் நீரையும் கவனிக்க வேண்டும். கழிப்பறை நீர்த்தொட்டியில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில துளிகளை விட்டு, கால் மணி நேரம் எவரும் பயன்படுத்தாதிருங்கள். கீழே பீங்கானில் நீலம் தென்பட்டால் உள்ளே கசிவு உண்டு. மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை இரவில் அடையாளமிட்டு, எல்லாக் குழாய்களையும் மூடி, விடியற்காலையில் யாரும் எழுமுன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தும் வெளியே எங்கும் ஈரம் இல்லையெனில், சுவருக்குள் பதித்த பைப்பில் பழுது இருக்கக்கூடும். அங்கே நம் ஸ்பேனருக்கு வேலையில்லை. பிளம்பரை அழைக்க வேண்டும். மின்சாரத்தோடு தொடர்புள்ள கீசரின் பைப்புகளும் அவ்வாறே.