தாயர் மரணமும் ஒப்புநோக்கும் நெறியும்

இலங்கையில் 1930 ஆம் ஆண்டுகளில் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 20 தாயர் மகப்பேற்றை ஒட்டி மாண்டனர். 1947 இல் அத்தொகை பத்தளவாயிற்று; அடுத்த மூன்றாண்டுகளில் அதுவும் ஏறக்குறையப் பாதியாய்ச் சுருங்கிற்று. இவ்வுயிர்களைக் காத்தது எது? இவ்வினாவின் விடையைப் பொறுத்தே வறிய நாடொன்று தன் பணத்தை மருந்து தெளிப்போர்க்கு ஒதுக்குமா, மருத்துவமாதர்க்கு ஒதுக்குமா என்பது அமையும்.

1946 முதல் நாடெங்கும் டி. டி. ரி. தெளிக்கப்பட்டது. ஆயிரம் பேருக்கு 20.3 ஆக இருந்த பொது மரண விகிதம் 1947 இல் 14.3 ஆக வீழ்ந்தது. மலேரியா கருவுற்ற தாயின் குருதியை வற்றச் செய்து கருவையும் சிதைப்பது. 1934-35 இல் நிகழ்ந்த கொள்ளைநோயின்போது இதனை ஆராய்ந்த டாக்டர் விக்கிரமசூரிய 1937 இல் நூலாகவும் எழுதினார். ஆகவே புகழெல்லாம் டி. டி. ரி. மருந்துக்கே உரியதெனப் பலர் துணிந்தனர்.

ஆயின் அவ்வாண்டுகளிலேயே கிராமிய வைத்தியசாலைகள் பெருகின; மருத்துவமாதர் தொகை கூடிற்று; பெனிசிலின் வந்தது; போர்க்கால உணவு முடையும் தளர்ந்தது. பீற்றர் நியூமன் மாவட்டங்களைச் சிறாரின் மண்ணீரல் வீக்கத்தைக் கொண்டு வகுத்து, போருக்குப் பிந்திய பொது மரண வீழ்ச்சியில் நூற்றுக்கு 42 பங்கு மலேரியா ஒழிப்பால் விளைந்ததென 1965 இல் கணித்தார். மலேரியா அருகிய ஈரவலயத்திலும் மரணம் வீழ்ந்ததே எனப் பிரெடெரிக்சன் மறுத்தார். மீகம என்பாரும் 1967 இல் இவ்வாதத்திற் கலந்துகொண்டார். 1974 இல் கிறே கண்ட பங்கு 23.

பதிவேடுகள் ஒன்றே; விடைகள் வேறு. எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறோம் என்பது முதற் சிக்கல். கொள்ளைநோய் வருத்திய 1935 இல் மரண விகிதம் 36.6. அதனை அடியாகக் கொண்டால் எம்மருந்தும் அமிர்தமாகத் தோன்றும்! அடுத்தது, மலேரியா மிகுந்த உலர்வலய ஊர்களே வைத்தியசாலைக்கு எட்டாதிருந்த ஊர்களுமாம். அங்கே மருந்தும் மருத்துவமாதும் ஒருங்கே சென்றால் பயனை எவர் கணக்கில் எழுதுவது?

வைத்தியசாலை ஏடுகள் இதனினும் ஏமாற்றுவன. நம்மூரையே எடுத்துக்கொள்வோம். அமிர்தகழிப் பெண்ணுக்கு மட்டக்களப்பு வைத்தியசாலை அண்மையது. இயல்பான பேற்றுக்கும் அவள் அங்குச் செல்வாள். படுவான்கரையிலிருந்து வருவோரோ, 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, வாவியைத் தோணியிலோ பாதையிலோ கடக்க வேண்டியிருந்தது. பாதை என்று நாம் சொல்வது மிதவையை; வெளியூர் அன்பர் தெருவென்று கருதற்க. முற்காலத்தில் ஊர் மருத்துவிச்சி கைவிட்ட பின்னரே பலரைத் தோணியேற்றியிருப்பர். ஆகவே வைத்தியசாலைக் கணக்கை மட்டும் பார்ப்பவர்க்குப் படுவான்கரைத் தாயர் மரணம் மிகையாகத் தோன்றும். வீட்டிலே நலமாய்ப் பெற்றவர் அக்கணக்கில் இல்லை. மரணங்களை அக்கரைப் பிறப்புகள் அனைத்தாலும் வகுத்தாலன்றி உண்மை புலப்படாது. மலேரியா மிகுந்த இடங்களில் தலைப்பிள்ளைக்காரியையே அந்நோய் கடுமையாகத் தாக்குமாதலின், தலைப்பேற்றைத் தலைப்பேற்றோடு ஒப்பிடுதலும் வேண்டும்.

1963 இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். தெளித்தல் தளர்ந்தது, 1968-69 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. தாயர் மரணமோ பழைய நிலைக்கு ஏறவில்லை. மருத்துவமாதர் கட்சியினர்க்கு இது வலிய சான்றாகத் தோன்றலாம். ஆனால் மீண்டு வந்தது பெரும்பாலும் உயிர்க்கேடு குறைந்த வைவாக்ஸ் வகை. குளோரோகுயினும் அப்போது கைக்கெட்டியிருந்தது. எனவே இவ்வொப்பீடும் செவ்விதன்று.

கிறேயின் கணக்கே எமக்கு ஏற்புடைத்து. எனினும் அவர் கண்ட 23 ஆண், பெண், குழவி, முதியோர் அனைவர்க்கும் பொதுவான எண். கருவுற்றாரை மலேரியா பிறரினும் மிகுதியாக வருத்துவதால், அவரை மாத்திரம் பிரித்தெண்ணின் மலேரியா ஒழிப்பின் பங்கு அதனினும் உயர்ந்தே நிற்கும் என்பது எம் துணிபு.