பவானி ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்கள்

பவானி ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்கள் என்பன, காவிரியின் துணையாறான பவானியின் நீரைக் கொண்டு மின்சாரமும் பாசனமும் பெறுவதற்காகச் சென்னை மாகாண அரசும், விடுதலைக்குப் பின் மாநில அரசும் நிறைவேற்றிய அணை, மின்நிலைய, கால்வாய்ப் பணிகளாகும். ஐக்கிய அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் (1933), இந்தியாவின் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் (1948) ஆகியவற்றைப் போன்று இங்கு ஆறு முழுமைக்கும் பொறுப்பான ஒரே அமைப்பு ஏற்படுத்தப்படவில்லை. மலையில் மின்சாரத் துறையும் சமவெளியில் பொதுப்பணித் துறையும் தனித்தனியே பணியாற்றின. அதனால் கோவைப் பகுதிக்குப் புதிய கால்வாய் வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே மின்சாரம் வந்துவிட்டது.

மின் திட்டங்கள்

பைக்காரா ஆறு நீலகிரியிலிருந்து இறங்கி மோயாறாகிப் பவானியுடன் சேர்கிறது. இவ்வாற்று நீரைச் சுமார் 900 மீட்டர் உயரத்திலிருந்து குழாய்களில் இறக்கிச் சிங்காராவில் மின்சாரம் எடுக்கும் பணி 1929 இல் தொடங்கி 1932 இல் நிறைவுற்றது. அங்கிருந்து வெளியேறும் நீரே பின்னர் மோயாறு மின்நிலையத்துக்கும் பயன்பட்டது.

பவானியின் மற்றொரு கிளையான குந்தா ஆற்றில், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்த உதவியுடன் 1956 இல் பணி தொடங்கியது. முதல் இரு மின்நிலையங்கள் 1960 இல் இயங்கின. அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களின் நீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் எனப் படிப்படியாக இறங்குகையில் ஒவ்வோரிடத்திலும் மின்சாரம் தருகிறது.

கிணறும் மின்சாரமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள கொங்கு நாட்டில் வேளாண்மை பெரிதும் கிணற்றையே நம்பியிருந்தது. எருதுகள் பூட்டிக் கவலை இறைத்த இடத்தை மின் இறைப்பி மெல்ல மெல்லப் பிடித்தது. 1937 இல் கோவையிலேயே மின்னோடி தயாரிக்கப்பட்டது. சென்னை மாநில மின்சார வாரியம் 1957 இல் அமைந்த பின் கிணறுகளுக்கு இணைப்பு வழங்குவது மேலும் விரைவு பெற்றது.

கிணற்று நீரின் விலை இவ்வாறு மின்கட்டணத்தைச் சார்ந்ததாயிற்று. 1970 இல் யூனிட்டுக்கு ஒரு காசு உயர்த்தப்பட்டதை எதிர்த்து உழவர்கள் போராடினர். சூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தனர். 1972 இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரச் சாலைகளை மாட்டுவண்டிகள் நிறைத்தன. 1984 இல் சிறு உழவர்களுக்கும், 1990 இல் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. கட்டணம் நீங்கியதும் இறைப்பைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லாமல், ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் கீழிறங்கியது.

கீழ்பவானி

மோயாறும் பவானியும் கூடுமிடத்தில் 1948 இல் தொடங்கிய பவானிசாகர் அணை 1955 இல் முடிந்தது. இதன் பெரும்பகுதி மண் அணையாகும். அணை நீரில் டணாய்க்கன் கோட்டை மூழ்கியது. நீர்மட்டம் மிகவும் தாழும் ஆண்டுகளில் அங்குள்ள மாதவப்பெருமாள் கோயிலை இன்றும் காணலாம்.

சுமார் 200 கிலோமீட்டர் நீளமுள்ள கீழ்பவானிக் கால்வாயின் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். இவ்வளவு நிலத்திற்கும் ஒரே நேரத்தில் நெல்லுக்கு நீர் தர இயலாது. எனவே மதகுகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை எனப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதிக்கு நன்செய்ப் பயிருக்கும் மறுபாதிக்குப் பின்னர்ப் புன்செய்ப் பயிருக்கும் நீர் விடப்படுகிறது. அடுத்த ஆண்டு முறை மாறும்.

கரையில் கசியும் நீர் சுற்றியுள்ள கிணறுகளை நிரப்புகிறது. கால்வாய்க்குக் கற்காரைத் தளம் அமைக்க அரசு முற்பட்டபோது, கடைமடை உழவர்களில் பலர் அதனை வரவேற்றனர். கசிவுநீரை இறைத்துப் பயிர் செய்வோர் கடுமையாக எதிர்த்தனர். 2020 களின் தொடக்கத்தில் இச்சிக்கல் போராட்டங்களுக்கும் நீதிமன்ற வழக்குகளுக்கும் சென்றது.