யந்திரத்தின் முகத்தை வகுப்பவர் யார்?

கம்ப்யூட்டரின் உள்ளமைப்பை ஆராயும் சாஸ்திரம் ஒன்று. அதன் எதிரே உட்காரும் மனிதன் அதனோடு எவ்வாறு பழகுகிறான் என்று ஆராயும் சாஸ்திரம் மற்றொன்று. இந்த இரண்டாவது சாஸ்திரம் இன்று பல தேசத்துச் சர்வகலாசாலைகளில் தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. 1992-ம் வருஷத்தில் அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிபுணர் சங்கத்தார் இதற்கெனப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டனர். பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் சர்வகலாசாலை இதற்கென்றே ஒரு கழகத்தை நிறுவிற்று. திரையில் எழுத்து எங்கே நிற்பது, பொத்தான் எங்கே இருப்பது, பிழை நேர்ந்தால் யந்திரம் என்ன சொல்வது என்பவற்றையெல்லாம் வகுக்கும் வித்தை இது. யந்திரத்துக்கு முகம் அமைக்கும் வித்தை என்றே கூறலாம். இதனை வெறும் அலங்கார வேலை என்று எண்ணுவாரும் உளர். அவ்வாறன்று. இதனுள் ஆளுவோர் யார், ஆளப்படுவோர் யார் என்ற பழைய வழக்கு அடங்கியிருக்கிறது.

இச்சாஸ்திரத்தின் முதற்பாடம் இரண்டாவது உலக யுத்தத்தில் கிடைத்தது. பி-17 என்னும் அமெரிக்கக் குண்டு விமானங்கள் பத்திரமாகத் தரையில் இறங்கிய பின், விமானிகள் இறக்கை மடிப்புக்குரிய விசையைத் தொடுவதாக எண்ணிச் சக்கரங்களை உள்ளிழுக்கும் விசையைத் தொட்டுவிடுவர். விமானம் வயிறு பதியத் தரையில் விழும். விமானியின் பிழை என்று இதற்குப் பெயரிட்டனர். அல்போன்ஸ் சபானிஸ் என்னும் மனோதத்துவ நிபுணர், அவ்விரண்டு விசைகளும் ஒரே மாதிரியாக அருகருகே இருப்பதைக் கண்டார். ஒன்றுக்குச் சக்கரத்தின் வடிவமும் மற்றதற்கு இறக்கையின் வடிவமும் கொடுத்து, கை தொட்ட மாத்திரத்தில் வேறுபாடு தெரியும்படி செய்தார். அன்றுமுதல், குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் யந்திரத்தை உபயோகித்தவரா, அமைத்தவரா என்ற கேள்வி எழுந்தது.

இது சிறந்த பாடமே. எனினும் இங்கேயே நின்றுவிடுதல் போதாது. இந்த முறையில் நிபுணர் மனிதனை அளக்கிறார். அவன் கண்ணையும் கையையும் நினைவையும் சோதிக்கிறார். பிறகு அவனுக்கு எது நன்மை என்று தாமே தீர்மானிக்கிறார். அந்த யந்திரம் தனக்கு வேண்டுமா, தன் வேலையை அது எவ்வாறு மாற்றலாம் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. இந்தக் குறையை முதலில் உணர்ந்து பரிகாரம் தேடிய தேசங்களுள் நார்வே முக்கியமானது.

நார்வே தேசத்துக் கிரிஸ்டன் நிகார்ட் என்பவர் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் பேர்பெற்றவர். ஓலே-யோகான் டால் என்பவரோடு சேர்ந்து ‘சிமுலா’ என்னும் கம்ப்யூட்டர் பாஷையை இயற்றி, அதற்காக 2001-ம் வருஷத்து டூரிங் பரிசைப் பெற்றவர். அந்த மேதை, 1970-க்குப் பின் தம் தேசத்து இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைகளில் வரும் கம்ப்யூட்டர்களைப்பற்றி நிபுணர்கள் அறிக்கை எழுதிக் கொடுப்பது என்பதே முதல் ஏற்பாடு. அறிக்கை அலமாரியில் உறங்கும் என்பதை விரைவில் கண்டனர். ஆகவே, ஆராய்ச்சியின் பலன் என்பது அறிக்கையன்று, தொழிலாளர் தாமே கற்றுத் தாமே செய்யும் காரியமே என்று முறையை மாற்றினர்.

அதன் விளைவைச் சட்டமறிந்தோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1975-ல் தொழிலாளர் சம்மேளனமும் முதலாளிகள் சம்மேளனமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கம்ப்யூட்டர் ஏற்பாடுகளைப்பற்றிய விவரங்களை, விசேஷ ஞானம் இல்லாதவரும் எளிதில் அறியும் பாஷையில் தெளிவாகக் கூறவேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. 1977-ம் வருஷத்துத் தொழில் சூழ்நிலைச் சட்டம், வேலையைத் திட்டமிடவும் நடத்தவும் உதவும் ஏற்பாடுகளைத் தொழிலாளருக்கு அறிவிக்க வேண்டும், அவற்றில் பயிற்சி அளிக்க வேண்டும், அவற்றை வகுப்பதிலும் அவர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று விதித்தது. 2005-ல் வந்த புதுச் சட்டமும் இவ்வுரிமையைக் கைவிடவில்லை. யந்திரத்தின் முகத்தை வகுப்பதில் பங்கு என்பது அங்கே தர்மம் அன்று; பாத்தியதை.

பத்திரிகைத் தொழிலுக்கே உரிய உதாரணம் ஒன்றும் உண்டு. 1981-ல் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள், வடதேசங்களின் அச்சுத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து ‘யுடோப்பியா’ என்னும் வேலையைத் தொடங்கினர். பத்திரிகைப் பக்கங்களைத் திரையில் கட்டும் யந்திரம் வரப்போகிறது. ஈய எழுத்தில் கை பழகியவரின் கதி என்ன? நிபுணர்கள் முதலில் வரைபடங்களைக் காட்டினர். தொழிலாளருக்கு அவை விளங்கவில்லை. அப்பொழுது அட்டையாலும் மரத்தாலும் பொம்மை யந்திரங்களைச் செய்து வைத்தனர். வெறும் அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் லேசர் அச்சு யந்திரம் என்று எழுதி ஒட்டினர். பக்கம் கட்டுவோர் அவற்றின்முன் உட்கார்ந்து தம் வேலையைச் செய்வதுபோல் செய்து பார்த்து, இது உதவும், இது உதவாது என்று தம் வாயால் தீர்ப்புக் கூறினர். அந்த வேலையிலிருந்து பெரிய வியாபாரம் எதுவும் பிறக்கவில்லை. முறை மட்டும் நிலைத்தது. அட்டையில் மாதிரி செய்து உபயோகிப்போரோடு சோதிப்பதை இன்று இப்பாடம் படிக்கும் மாணவர் பலரும் செய்கின்றனர். ஆனால் அது ஓர் உரிமைப் போரில் பிறந்த முறை என்பதை மறந்து செய்தால் பயன் பாதியே.

நிபுணர் அறிவர், பாமரர் அறியார். எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்குமா என்று சிலர் கேட்கலாம். இந்த வாதத்தை நாம் முன்னரே கேட்டிருக்கிறோம். 1947-க்கு முன் நம்மை ஆண்டவர் சொன்னதும் இதுவே. நல்லாட்சி சுயாட்சிக்கு ஈடாகாது என்பது நமது தேசம் விலைகொடுத்து அறிந்த உண்மை. நிகார்ட் இதனை உணர்ந்தவர் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. நார்வே ஐரோப்பிய யூனியனில் சேரலாகாது என்று போராடிய இயக்கத்துக்கு 1990 முதல் தலைமை வகித்தவரும் அவரே. 1994-ம் வருஷத்து வாக்கெடுப்பில் அந்தக் கட்சியே வென்றது. தேசத்தின் விஷயத்திலும் தொழிற்சாலையின் விஷயத்திலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: தீர்மானிப்பவர் யார்?

இந்தக் கேள்வி நமக்கு அயலானதன்று. இன்று இந்தியாவில் ரேஷன் அரிசியும், முதியோர் பென்ஷனும், கூலிக் கணக்கும் திரைகளின் வழியாகவே குடிகளை அடைகின்றன. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்ரேகையை யந்திரம் ஏற்க மறுத்தால், வெறும் பையோடு திரும்புகிறவள் யாரிடம் முறையிடுவாள்? கடைக்காரர் யந்திரத்தைக் காட்டுவார். யந்திரமோ வாய் பேசாது. அந்த யந்திரத்தை வகுத்தபொழுது அவளை யாரேனும் கேட்டதுண்டா?

இவ்வித்தையைக் கற்கும் இளைஞர்கள் வர்ணமும் எழுத்தும் பொத்தானும் மட்டும் கற்றுத் திருப்தியடையலாகாது. ஒவ்வொரு திரையும் ஒரு சிறு சட்டம். சட்டத்தை இயற்றுமுன் அதற்குக் கட்டுப்படுவோரைக் கேட்பது ஜனநாயகம். சர்வகலாசாலைகள் இதனைப் பாடத்தின் தொடக்கத்திலேயே வைக்கட்டும். தேசபக்தர்களும் தொழிற்சங்கத்தாரும், இது நிபுணர் விஷயம் என்று ஒதுங்கி நில்லாமல், யந்திரம் வந்து இறங்குமுன்பே தம் பங்கைக் கேட்கட்டும். கேளாதவருக்கு எந்த உரிமையும் தானாக வந்ததில்லை.