சேர்ந்திருந்தால்தான் பொருள்: பாரிஸின் கமோந்தோ மாளிகை

அமரும் நாற்காலி, எழுதும் மேசை, தரை விரிப்பு, உணவுத் தட்டு, கடிகாரம் ஆகியவற்றைப் போல அன்றாடப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்டு, செய்தவரின் கைத்திறத்தால் கலைப்படைப்பாக உயர்ந்த பொருள்களை ஆக்கும் கலைகள் அலங்காரக் கலைகள் எனப்படுகின்றன. இவற்றைத் தனித்தனியே கண்ணாடிப் பேழைகளில் வைத்துக் காட்டும்போது வேலைப்பாட்டின் நுணுக்கம் தெரியுமே அன்றி, எந்தச் சுவரின் முன்னே, எந்த விளக்கின் ஒளியில், எவற்றுக்குத் துணையாக அவை இருந்தன என்பது தெரிவதில்லை. அந்த உறவுகளைக் கலைக்காமல் காத்துவரும் அரிய இடங்களுள் ஒன்று, பாரிஸ் நகரில் மோன்சோ பூங்காவை ஒட்டி நிற்கும் நிசிம் த கமோந்தோ அருங்காட்சியகம்.

இதை உருவாக்கிய மொயிஸ் த கமோந்தோ 1860-இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். ஒட்டோமான் பேரரசில் வங்கித் தொழிலால் செழித்து, பின்னர் பாரிஸில் குடியேறிய யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கலைமீது தீராத பற்றுக் கொண்டிருந்த அவர், பெற்றோர் வழி வந்த பழைய வீட்டை இடித்துவிட்டு, ரெனே செர்ழோன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1911 முதல் 1914 வரை இப்புதிய மாளிகையைக் கட்டுவித்தார். வெர்சாயில் உள்ள சிறிய திரியானோன் அரண்மனையை முன்மாதிரியாகக் கொண்ட இம்மாளிகையில், பழைய மாளிகைகளிலிருந்து வாங்கிய செதுக்கு மரச் சுவர்ப்பலகைகளின் அளவுக்கு ஏற்பவே அறைகள் திட்டமிடப்பட்டன. சேகரிப்புக்காகவே வீடு வடிவம் பெற்றது.

அக்காலத்துப் பிரெஞ்சு மரச்சாமான்களின் சிறப்பை அறிய, அவை உருவான முறையை அறிதல் வேண்டும். கைவினைஞர்கள் தொழில்வாரியாகச் சங்கங்களில் கட்டுண்டிருந்ததால், நாற்காலிச் சட்டத்தைச் செதுக்குபவர் ஒருவராகவும், மெல்லிய பல நிற மரத் தகடுகளை வெட்டி ஒட்டிப் பூவும் கொடியுமாக இழைக்கும் மரப்பதிப்பு வல்லுநர் இன்னொருவராகவும், வெண்கல அணிகளை வார்ப்பவரும் அவற்றுக்குப் பொன்முலாம் பூசுபவரும் வேறு வேறு தொழிலினராகவும் இருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் மரச்சாமான் செய்யும் தலைமைக் கைவினைஞர் தம் பெயர் முத்திரையை மரத்தில் பதிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தமையால், பதினாறாம் லூயி மன்னரின் அரண்மனைக்குப் பணிசெய்த ரீஸ்னர் போன்றோரின் படைப்புகளை இன்றும் அடையாளம் காண முடிகிறது. ஆயினும் ஒரே மேசையில் பலரது உழைப்பு கலந்திருக்கிறது. ஒரு முத்திரை சொல்லாத பல கைகள் அதற்குள் இருக்கின்றன.

மேசைக்குள் உள்ள இந்தக் கூட்டுறவுதான் அறை முழுவதும் விரிவடைகிறது. வரவேற்பறையில், பதினான்காம் லூயி மன்னர் லூவ்ர் அரண்மனையின் நீண்ட கூடத்துக்கென சவோன்ரி நெசவுக்கூடத்தில் நெய்யப் பணித்த 93 விரிப்புகளுள் ஒன்று தரையை நிறைக்கிறது. பெரிய எழுத்தறையின் நெய்த சித்திரத் திரைகளில் லா ஃபோந்தேனின் நீதிக்கதை விலங்குகள் உலவுகின்றன. உணவறையில், ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1770-இல் பாரிஸ் வெள்ளிக் கொல்லரிடம் செய்வித்த விருந்துக் கலங்களுள் சில இடம்பெற்றுள்ளன. அடுத்துள்ள சிற்றறையில், இயற்கை அறிஞர் புஃபோனின் நூற்படங்களைப் பார்த்துப் பறவைகள் தீட்டப்பட்ட செவ்ர் அரசுப் பட்டறையின் பீங்கான் தட்டுகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தட்டின் அடியிலும் அப்பறவையின் பெயர் எழுதப்பட்டிருப்பதால், உணவு மேசை அறிவு நூலாகவும் விளங்கியது. பொருள்களை இயன்றவரை இணை இணையாகத் தேடி, இடமும் வலமும் ஒத்து நிற்குமாறு கமோந்தோ அமைத்த சமநிலையே இவ்வறைகளின் இலக்கணம்.

பழமையைப் போற்றிய இவ்வீட்டில் மின்தூக்கியும் வெப்பக் காற்று வசதியும் நவீனக் குளியலறைகளும் அமைக்கப்பட்டன. வெண்ணிற ஓடுகள் பதித்த சமையற்கூடமும் பெரிய இரும்பு அடுப்பும் பணியாளர் உணவறையும் இன்று பார்வைக்கு உள்ளன; மேல்தளத்தின் நேர்த்தி கீழ்த்தளத்தினர் உழைப்பில் நின்றது என்பதை அவை உணர்த்துவதால், தவறாமல் காணத்தக்கவை.

இந்த மாளிகையைப் பெறவேண்டிய மகன் நிசிம், முதல் உலகப்போரில் விமானப்படையில் பணியாற்றி 1917-இல் வான்போரில் வீழ்ந்தார். வாரிசை இழந்த தந்தை, மாளிகையையும் சேகரிப்பையும் மகன் பெயரால் விளங்குமாறு அலங்காரக் கலைகளுக்கான அமைப்பின் வழியே பிரான்ஸ் நாட்டுக்கு உயில் எழுதிவைத்து, பொருள்களை இடம் மாற்றவோ வெளியே இரவல் கொடுக்கவோ கூடாது என்று நிபந்தனை விதித்தார். அவர் 1935-இல் மறைந்தார். அருங்காட்சியகம் 1936-இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நாஜி ஆக்கிரமிப்பின்போது, அவருடைய மகள் பெயத்ரீஸும் மருமகன் லெயோன் ரெனாக்கும் பேரப்பிள்ளைகள் ஃபனி, பெர்த்ரான் இருவரும் யூதர்கள் என்ற காரணத்தால் பிரான்ஸிலிருந்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு நாடுகடத்தப்பட்டு உயிரிழந்தனர். தன் கலைமரபை மீட்டுத் தந்த ஒரு குடும்பத்தின் கொடையை ஏற்ற நாடு, அக்குடும்பத்தைக் காக்கத் தவறியதை இம்மாளிகையைப் பற்றிப் பேசுவோர் எவரும் விட்டுவிட இயலாது.

ஆகவே இங்கு வருபவர், தனிப்பொருளின் அருகே செல்வதற்கு முன் வாயிலில் நின்று அறையை முழுமையாகப் பார்ப்பதும், பின்னர் எது எதற்கு இணை என்று தேடுவதும், அதன்பின் மரப்பதிப்பையும் வெண்கல வேலையையும் நுணுகி நோக்குவதும் நல்ல வரிசையாகும். அலங்காரக் கலை என்பது பொருள்களின் கலை மட்டுமன்று, பொருள்களைச் சேர்த்து வைக்கும் கலையும் ஆகும் என்பதைக் கமோந்தோ அறிந்திருந்தார். அவருடைய உயிலின் கண்டிப்பான நிபந்தனை, அந்தச் சேர்க்கையைப் பொதுமக்கள் அனைவரும் காணும் செல்வமாக்கியது.