பழைய வீட்டை எழுதி வைப்போம்

உங்கள் ஊரில் தாத்தா காலத்து வீடு இருக்கிறதா? அது யாருடையது? யார் கட்டியது? வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கடகடவென்று சொல்வார்கள். பிள்ளைகளைக் கேளுங்கள். பாதிதான் சொல்வார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது.

வாயில் இருக்கும் செய்தி ஆளோடு போய்விடும். எழுதி வைத்தால் நிற்கும்.

கேரளத்தில் நடந்தது

நம் பக்கத்து மாநிலம் கேரளம். அங்கே பெரிய கூட்டுக் குடும்பத்துக்குத் தறவாடு என்று பெயர். தறவாட்டு வீடுகள் பல நாலுகெட்டு வீடுகள். நடுவில் முற்றம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிடம். வடக்குப் பக்கம் வடக்கினி. தெற்குப் பக்கம் தெக்கினி. மழை அதிகம் பெய்யும் ஊர். அதனால் கூரையைச் சரிவாக இறக்கினார்கள். சுவருக்கு வெட்டுக்கல். தூணுக்கும் உத்திரத்துக்கும் தேக்கு, பலா. நெல் வைக்கப் பத்தாயம்.

தச்சர்கள் கோல் கணக்கில் அளந்தார்கள். ஒரு கோல் என்பது 24 விரல். அதாவது சுமார் 72 சென்டிமீட்டர்.

நாயர் முதலிய சில சமூகங்களில் தாய் வழியில் சொத்துரிமை வந்தது. இதற்கு மருமக்கத்தாயம் என்று பெயர். மூத்த ஆண் காரணவர். அவர் குடும்பத்தை நிர்வாகம் செய்தார். ஆனால் சொத்து அவர் ஒருவருடையது அல்ல. எல்லோருக்கும் பொது.

1975இல் கேரள அரசு கூட்டுக் குடும்ப முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. அது 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு கிடைத்தது. இது நல்லதுதான். ஆனால் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பங்குக்காரர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். ஓடு உடைந்தால் யார் மாற்றுவது? கூரை ஒழுகியது. மரம் இற்றது. பல வீடுகளைப் பிரித்து மரமாக விற்றுவிட்டார்கள்.

சில வீடுகள் தப்பின. சென்னை அருகே முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா இருக்கிறது. 1996இல் திறந்தார்கள். கேரளத்தில் பிரித்த பழைய வீடுகளை அங்கே கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். எல்லா வீட்டையும் அப்படிக் கொண்டுபோக முடியாது. ஆனால் எல்லா வீட்டையும் எழுதி வைக்க முடியும்.

என்ன எழுதலாம்?

ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஓர் அளவு நாடா போதும்.

1. குடும்ப மரம். வீடு கட்டியவரில் தொடங்குங்கள். அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் எழுதுங்கள். பெண்களை விட்டுவிடாதீர்கள். கட்டிக்கொடுத்த மகளையும் எழுதுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு உண்டு.

2. பத்திரங்கள். கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், வீட்டு வரி ரசீது என்னென்ன இருக்கின்றன? எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வரி ரசீது மட்டும் இருந்தால் வீடு நம்முடையது என்று ஆகிவிடாது. பதிவு செய்த பத்திரம் தொலைந்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். அசல் பத்திரத்தை யாரிடமும் சும்மா கொடுக்காதீர்கள். நகலைக் கொடுங்கள்.

கேரளத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 825ஐக் கூட்டுங்கள். ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1060 என்றால் 1885.

3. வீட்டின் படம். அறை அறையாக அளந்து வரையுங்கள். வாசல் எந்தத் திசை? சுவர் மண்ணா, கல்லா, செங்கல்லா? கூரை ஓடா, ஓலையா? எந்த அறை பிறகு கட்டியது? ஒவ்வோர் இடத்துக்கும் வீட்டார் சொல்லும் பெயரையே எழுதுங்கள்.

4. சொன்னவர் பெயர். யார் சொன்னார்? எந்தத் தேதியில் சொன்னார்? இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

இந்த நோட்டு பத்திரம் ஆகாது. ஆனால் பத்திரத்தைத் தேட வழி காட்டும். பாகம் பிரிக்கும்போது சண்டையைக் குறைக்கும். வீடு விழுந்தாலும் அது இருந்த விதம் தெரியும்.

நேற்று வரை இதை எழுத வேறு ஒருவரைத் தேடினோம். இன்று நாமே எழுதலாம்.

பேசுவோம்

உங்கள் ஊரில் மிகப் பழைய வீடு எது?
அந்த வீட்டின் கதை யாருக்குத் தெரியும்?
அவரை எப்போது பார்க்கப் போகலாம்?