புள்ளி சிதறுவது கருவியிலா, கண்ணிலா?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்குகிறவர்களில் பலர் இப்போது கூடவே 'ரெட் டாட்' என்ற குறிபார்க்கும் கருவியையும் வாங்குகிறார்கள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். துப்பாக்கியின் மேல் பொருத்தி அதன் கண்ணாடி வழியே பார்த்தால், இலக்கின் மீது ஒரு சிவப்புப் புள்ளி மிதப்பதுபோல் தெரியும். புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும். விலை சில நூறு டாலர்.

பொருத்திய அன்றே சிலருக்கு ஏமாற்றம். புள்ளி வட்டமாக இல்லை. ஒருவருக்கு வால் முளைத்த காற்புள்ளி மாதிரி தெரிகிறது, இன்னொருவருக்குத் திராட்சைக் கொத்து மாதிரி. வேறொருவருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள். பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டு, அதைவிட விலை கூடிய ஒன்றை வாங்குகிறார்கள். அதிலும் அதே வால். இப்படி மூன்று கருவி மாற்றியவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குக் கருவியில் எந்தக் குறையும் இல்லை. கண்ணில் பார்வைச் சிதறல் இருக்கிறது. நம் ஊர்க் கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர் பவர்' என்பார்களே, அதுதான்.

கருவிழியின் முகப்பு பந்துபோல் எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருந்தால், ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் ஒரு புள்ளியாகவே குவியும். ஒரு திசையில் வளைவு கூடி மறு திசையில் குறைந்திருந்தால் ஒளி இரண்டு வெவ்வேறு தூரத்தில் குவியும். புள்ளி, கோடாக இழுபடும். இந்தக் குறை கொஞ்சமாவது இல்லாத கண் அரிது. பகலில் பேருந்துப் பலகையைப் படிப்பதற்கு அது தடையாக இருப்பதில்லை, அதனால் நாம் கவனிப்பதும் இல்லை. மங்கலான பின்னணியில் பளிச்சென்ற ஒற்றைப் புள்ளியைப் பார்க்கும்போதுதான் கண்ணின் குட்டு வெளிப்படுகிறது. இரவில் தெருவிளக்கிலிருந்து ஒரே திசையில் கதிர் நீளுவதாகத் தெரிகிறவர்களுக்கு ரெட் டாட்டும் அப்படித்தான் தெரியும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அறிவியலாளர் தாமஸ் யங் 1801இல் தன் கண்ணிலேயே இந்தக் குறையை அளந்து சொன்னார். வானியலாளர் ஜார்ஜ் ஏரிக்கு இடது கண்ணில் இது கடுமையாக இருந்தது. விளக்கும் விண்மீனும் நீண்டு தெரிந்தன. அட்டையில் ஊசித்துளை போட்டு, அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எந்தத் தூரத்தில் துளை கோடாகிறது, அந்தக் கோடு எந்தச் சாய்வில் நிற்கிறது என்று அளந்தார். அந்த அளவின்படி உருளை வடிவ வில்லை ஒன்றைச் செய்யச் சொல்லி அணிந்துகொண்டார். இதை அவர் அறிவித்தது 1825இல். இன்று நம் கண்ணாடிச் சீட்டில் எழுதப்படும் சிலிண்டர், ஆக்ஸிஸ் என்ற இரண்டு எண்களும் அவர் அளந்த அதே இரண்டு விஷயங்கள்தாம். சிதறல் எவ்வளவு என்பது முதல் எண். எந்தச் சாய்வில் என்பது இரண்டாவது.

குறை யாருடையது என்று கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். கருவியைத் துப்பாக்கியில் பூட்டுவதற்கு முன்பே, கடையிலோ வீட்டிலோ, கையில் வைத்துக்கொண்டு சோதித்துவிடுங்கள். ஏற்கெனவே பூட்டியிருந்தால், தோட்டா இல்லை என்பதைத் துப்பாக்கியின் தோட்டா அறையிலும் (சேம்பர்) மேகசினிலும் இருமுறை பார்த்து உறுதிசெய்த பிறகுதான் கையில் எடுக்க வேண்டும். புள்ளியைப் பார்த்துக்கொண்டே கருவியைக் கடிகார முள் போலச் சுழற்றுங்கள். கருவி சுழன்றும் வால் அதே திசையில் நின்றால் குறை கண்ணில். வாலும் சேர்ந்து சுழன்றால் கருவியில். அப்போதும் முதலில் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இரண்டாவது சோதனை, கைப்பேசி கேமரா. வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, கருவி வழியே ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாகவும் கண்ணுக்குக் கோணலாகவும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மூன்றாவது சோதனை, ஊசித்துளை. அட்டைத் துளை வழியே பார்க்கும்போது வால் சுருங்கினால், கண்ணாடி போட்டால் சரியாகும் குறை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணில்தான் குறை என்று தெரிந்த பிறகும் கடைக்காரர்கள் வேறு கருவியைக் காட்டுவார்கள். அவற்றில் சில உண்மையாகவே உதவும். ஆனால் எதுவும் கண்ணைத் திருத்தாது. பச்சைப் புள்ளி சிலருக்குக் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் கண் சிவப்பையும் பச்சையையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. வேறு சிலருக்கு எந்த மாற்றமும் தெரியாது. புள்ளியைச் சுற்றி வட்டம் போட்ட வடிவமும் உண்டு. நடுப்புள்ளி கலைந்தாலும் வட்டத்தின் மையத்தைக் கண் தானாகப் பிடித்துக்கொள்கிறது என்று பலர் அதை விரும்புகிறார்கள். புள்ளியின் அளவும் கவனிக்க வேண்டியது. பெட்டியில் 2 எம்ஓஏ, 6 எம்ஓஏ என்று கோண அளவில் போட்டிருக்கும். 25 கஜத் தூரத்தில் 2 எம்ஓஏ புள்ளி ஏறக்குறைய 1.3 சென்டிமீட்டரை மறைக்கும், 6 எம்ஓஏ சுமார் 4 சென்டிமீட்டரை. சின்னப் புள்ளி கூர்மையாக இருக்கும் என்று நினைத்து வாங்கியவர்கள், அது கண்ணுக்குப் பிடிபடாததால் வெளிச்சத்தை ஏற்றுகிறார்கள். வெளிச்சம் ஏற ஏறச் சிதறல் வளர்கிறது. அதனால் பார்வைச் சிதறல் உள்ளவர்கள் வெளிச்சத்தைக் கையால் கூட்டிக் குறைக்கும் பொத்தான் இல்லாத கருவியை வாங்கவே கூடாது என்பது என் கருத்து. புள்ளி தெரிகிற மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, பார்வையை இலக்கின் மீதே நிறுத்திப் பழகினால் வால் ஓரளவு குறையும்.

பிரிசம் வைத்த கருவியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதில் குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருப்பதால் கூர்மையாகத் தெரிவது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குச் சில அங்குல தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. நீளத்துப்பாக்கிக்குச் சரி. கையை நீட்டிப் பிடிக்கும் கைத்துப்பாக்கிக்கு அது உதவாது.

செய்ய வேண்டியது ஒழுங்கான கண் பரிசோதனை. அங்கே போகும்போது எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் கை நீட்டும் தூரத்தில், துப்பாக்கியிலேயே உள்ள இரும்புக் குறியைப் பார்க்க அதற்கேற்ற கண்ணாடி போட்டுப் பழகியிருப்பார்கள். ரெட் டாட்டுக்கு அது பொருந்தாது. அந்தப் புள்ளியின் ஒளி தொலைவிலிருந்து வருவதுபோல அமைக்கப்பட்டிருக்கிறது; தூரப் பார்வைக்கான எண்தான் வேண்டும், அதில் சிலிண்டரும் ஆக்ஸிஸும் முழுமையாக இருக்க வேண்டும். புரோகிரஸிவ் கண்ணாடி அணிகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த வில்லையின் ஓரங்களில் வடிவமைப்பாலேயே ஓரளவு சிதறல் இருக்கும். துப்பாக்கியை உயர்த்தும்போது தலை சற்றே திரும்ப, கண் வில்லையின் நடுவை விட்டு ஓரம் வழியே பார்க்கிறது. கண்ணாடியே புள்ளிக்கு வால் வைத்துவிடுகிறது. ஒரே எண் கொண்ட தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்வது நல்லது. அது சாதாரண வில்லையாக இருக்கக் கூடாது. பாலிகார்பனேட்டில், இசட் 87.1 என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். சுடும்போது பின்னோக்கித் தெறிக்கும் சிறு உலோகத் துணுக்கு கண்ணைப் பறித்துவிடும்.

இனி உரிமை பற்றி. அமெரிக்காவில் கண்ணின் எண்ணைச் சோதித்து முடித்தவுடன், நீங்கள் கேட்காமலே, தனிக் கட்டணம் வாங்காமல், கண்ணாடிச் சீட்டின் நகலை உங்கள் கையில் கொடுத்தாக வேண்டும். மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இது, 1978 முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்களிடம் கண்ணாடி வாங்கினால்தான் சீட்டுத் தருவோம் என்று யாரும் சொல்லக் கூடாது. கான்டாக்ட் லென்ஸுக்கும் இதே போன்ற விதி 2004இல் வந்தது. லென்ஸ் பொருத்திப் பார்த்து முடிந்ததும் சீட்டுத் தர வேண்டும். தர மறுத்தால் அந்த ஆணையத்திடம் இணையத்திலேயே புகார் பதியலாம். புதிதாகக் குடியேறிய நம்மவர்கள் பலர் இது தெரியாமல், சோதித்த இடத்திலேயே சொன்ன விலைக்குக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

கருவியின் பக்கம் சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை. 15 டாலருக்கு மேற்பட்ட பொருளுக்கு எழுத்து உத்தரவாதம் இருந்தால், வாங்கும் முன்பே அதைப் படிக்கத் தர வேண்டும். கேட்டுப் படியுங்கள். ஆனால் பழுதில்லாத பொருளைப் பிடிக்கவில்லை என்று திருப்பினால் பணம் தர வேண்டும் என்ற பொதுவான மத்தியச் சட்டம் அங்கே இல்லை. பணம் திரும்புவது பெரும்பாலும் அந்தக் கடையின் கொள்கையைப் பொறுத்தது. உண்மையான பழுது என்றால் கதை வேறு. ஈஓடெக் நிறுவனத்தின் ஹோலோகிராம் வகைக் கருவிகள் கடும் வெப்பத்திலும் குளிரிலும் குறி விலகுவதை மறைத்து அரசுக்கு விற்றதாக வழக்கு வந்தது. அதன் அப்போதைய தாய் நிறுவனமான எல்-3, 2015 நவம்பரில் 2.56 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பொதுமக்களில் வாங்கியவர்களுக்கும் பணம் திருப்பித் தரப்பட்டது. கருவியைச் சுழற்றிப் பார்த்த வீடியோவும் கேமராப் படமும் உங்களிடம் இருந்தால், உண்மைப் பழுதுக்கு உத்தரவாதம் கேட்கும்போது அவையே சாட்சி.

தமிழ்நாட்டில் பிள்ளைகளை ஏர் பிஸ்டல் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஒலிம்பிக்கில் பின்பற்றப்படும் சர்வதேச விதிப்படி, பிஸ்டல் போட்டிகளில் ரெட் டாட் போன்ற எந்த ஒளிக்கருவியும் கூடாது. திருத்தும் வில்லையைத் துப்பாக்கியில் பொருத்தவும் கூடாது. ஆனால் வீரர் தன் முகத்தில் பார்வைக் கண்ணாடி அணியலாம். ஆகவே சிதறலை அங்கே திருத்தத் துப்பாக்கியில் வழி இல்லை; கண்ணாடியோ லென்ஸோதான் வழக்கமான வழி.

கடைசியாக ஒன்று. புள்ளி முன்பு வட்டமாகத் தெரிந்து இப்போது வால் முளைத்திருந்தால், அல்லது சிலிண்டர் எண் ஒவ்வொரு சோதனையிலும் ஏறிக்கொண்டே இருந்தால், கண்ணாடி மாற்றுவதோடு நிற்காதீர்கள். கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் என்ற நோய் இப்படித்தான் தொடங்கும். இளம் வயதில் வருவது, தெற்காசியர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது, கண்ணைக் கசக்கும் பழக்கத்தோடு தொடர்புள்ளது. ஆரம்பத்தில் பிடித்தால், புற ஊதாக் கதிரும் ரிபோஃபிளேவின் சொட்டும் கொண்டு கருவிழியை இறுக்கும் சிகிச்சையால் பெரும்பாலும் மேலே வளராமல் தடுக்கலாம். விட்டுவிட்டால் கருவிழி மாற்று அறுவை வரை போகலாம். அடுத்த கருவிக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் கண் மருத்துவரிடம் போய், கருவிழியின் வரைபடம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.